படகு மருத்துவமும் உழைச்செல்வானும்

கம்போங் மேடானில் நான் குடியிருக்கும் தெருவிலிருந்து கால்மணி நேரம் நடந்தால் மருந்தகங்கள் மூன்றைக் காணலாம். இரவு பத்து மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும், கதவு திறந்திருக்கும் இடம் ஒன்று எப்படியும் அகப்பட்டுவிடும். இங்கிருந்து மேற்கே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் சென்றால் கிள்ளான் துறைமுகம். அங்கே படகேறினால் ஒரு மணி நேரத்திற்குள், கண்டல் மரங்களுக்கு நடுவே தூண்களின்மேல் எழுந்து நிற்கும் கேத்தாம் தீவின் ஊரை அடையலாம். அத்தீவிலும் இன்று அரசினர் மருந்தகம் உண்டு. ஆயினும் நள்ளிரவில் நோய் முற்றிய ஒருவரை இக்கரை சேர்க்க வேண்டுமானால் படகைத்தான் நம்பியாக வேண்டும்.

நமக்கு அருகில் ஒரு மணி நேரத்திற்கும் குறைந்த அந்த நீர்வழி, உலகின் வேறு பல கடற்கரைகளில் ஒரு நாள் வழியாகவும் மூன்று நாள் வழியாகவும் நீண்டு கிடக்கிறது. அந்நீரைக் கடந்து, கூலி வேண்டாது, தம் விடுமுறையைச் செலவிட்டு மருத்துவர்கள் படகேறிச் செல்லும் தொண்டு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. அதனைப் புகழ்ந்து எழுதுவது எளிது. ஆனால் அத்தொண்டு எப்போது பயன் தருகிறது, எப்போது வெறுங்காட்சியாக நின்றுவிடுகிறது என்பதை ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் பிறந்தது கடலோரத் தென்னந்தோட்டம் ஒன்றில். அந்நாளில் தோட்டத்து மருத்துவம் இரண்டு பேரால் நடந்தது. ஒருவர் வருகை மருத்துவர். காரில் வருவார், வரிசையில் நிற்பவரைப் பார்ப்பார், எழுதிக் கொடுப்பார், போய்விடுவார். மற்றவர் டிரசர், தோட்டத்திலேயே குடியிருப்பவர். ஒருமுறை என் தந்தையார் தேங்காய் உரிக்கும்போது கூர்முனை பாதத்தில் பாய்ந்துவிட்டது. வருகை மருத்துவர் வந்த நாள் ஒன்றே ஒன்று. டிரசர் ஐயா வந்த நாட்கள் இருபத்தொன்று. மாலை தோறும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, திண்ணையில் அமர்ந்து, துணியைப் பிரித்து, புண்ணைக் கழுவி, புதுத்துணி கட்டுவார். "இன்னிக்கு ராத்திரி காய்ச்சல் கண்டா உடனே பையனை அனுப்பும்மா, விடியட்டும்னு இருக்காதே" என்று என் தாயாரிடம் சொல்லிவிட்டுப் போவார். அந்தக் கால் பிழைத்தது யாரால் என்று கேட்டால், பெரிய மருத்துவரின் கையெழுத்தால் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லமாட்டார்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளை ஆசிரியர்கள் நினைவுகூர்க. மருத்துவம் என்பது நான்கு கூறுகளை உடையது என்று வள்ளுவர் வகுக்கிறார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு அவர் நிறுத்தவில்லை. நான்காவதாக உழைச்செல்வான் என்று ஒருவனை வைக்கிறார். நோயாளியின் பக்கத்தில் இருந்து, காலம் தவறாது மருந்தினை ஊட்டிப் பணிசெய்பவன் அவன். வகுப்பில் இக்குறளை நடத்தும்போது நாலாமவனை ஒரு சொல்லில் பொருள் கூறிக் கடந்துவிடுவது நம் வழக்கம். படகு மருத்துவத்தின் வரலாற்றைப் படிக்கும்போதுதான் அந்த நாலாமவனின் அருமை தெரிகிறது. படகு, மருத்துவரைக் கொண்டுவரும், மருந்தைக் கொண்டுவரும், நோயாளி கரையில் காத்திருப்பார். உழைச்செல்வானைப் படகில் ஏற்றிக் கொண்டுவர முடியாது. அவன் கரையிலேயே இருந்தாக வேண்டும்.

இத்தொண்டில் முதலாகக் கூறத்தக்கவர் வில்பிரெட் கிரென்பெல் என்னும் ஆங்கில மருத்துவர். 1865-இல் பிறந்த அவர் லண்டனில் மருத்துவம் பயின்று, ஆழ்கடல் மீனவர்களுக்கென அமைந்த ஓர் அறப்பணிக் கழகத்தில் சேர்ந்தார். 1892-ஆம் ஆண்டு கோடையில், தமது இருபத்தேழாம் வயதில், ஆல்பர்ட் என்னும் பாய்க்கப்பலில் அட்லாண்டிக் கடலைக் கடந்து நியூபவுண்ட்லாந்துக்கும், அதற்கு வடக்கே பனி உறையும் லாப்ரடார் கடற்கரைக்கும் சென்றார். அவர் சென்று சேர்ந்த வேளையில் செயின்ட் ஜான்ஸ் நகரம் பெருந்தீயில் வெந்து புகைந்துகொண்டிருந்தது. அந்த ஒரு பருவத்தில் மட்டும் ஏறக்குறைய 900 நோயாளிகளைப் பார்த்தார். ஆயிரம் மைல் நீண்ட கரையில் அவர்களுக்கு நிலையான மருத்துவர் கிடையாது.

தொள்ளாயிரம் என்னும் எண் நம்மை மயக்கக்கூடும். கிரென்பெல்லை மயக்கவில்லை. முதற்பயணத்தில் ஒரு மண்குடிசைக்குள் நுரையீரல் நோய் முற்றிக் கிடந்த ஏழை ஒருவனைக் கண்டதை அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவனுக்கு வேண்டியது நாட்கணக்கான பணிவிடை. கப்பலோ புறப்பட்டாக வேண்டும். அவனை உடன் கொண்டுபோனால் அவன் குடும்பம் பட்டினி கிடக்கும். கையிலிருந்த மருந்தையும் உணவையும் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். இரண்டு திங்கள் கழித்து அவ்வழியே திரும்பியபோது அவன் உயிரோடு இல்லை. நான்கு கூறில் மூன்று கூறு அக்குடிசைக்கு வந்து சேர்ந்தன, ஒன்று வரவில்லை. நோயாளி இறந்தான்.

மறு ஆண்டே கிரென்பெல் வேறு வகையாகத் திரும்பி வந்தார். 1893-இல் அவருடன் மருத்துவர் இருவரும் செவிலியர் இருவரும் வந்தனர். பேட்டில் ஹார்பர் என்னும் இடத்தில் ஒரு மருத்துவமனை அவ்வாண்டே எழுந்தது. அடுத்த ஆண்டு இந்தியன் ஹார்பரில் இன்னொன்று. பின்னர், கரை நெடுகிலும் செவிலியர் தங்கியிருக்கும் சிறு நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. 1899-இல் ஸ்ட்ராத்கோனா என்னும் நீராவி மருத்துவக் கப்பல் வந்தது. அதனைப் பலரும் அறிவர், படமும் உண்டு. ஆனால் அக்கப்பல் ஒரு நூல் போன்றது. செவிலியர் நிலையங்கள் மணிகள் போன்றவை. மணிகள் இல்லாத நூலை எவரும் மாலை என்று சொல்வதில்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலிருந்து மாணவர்கள் கோடை விடுமுறையில் தம் செலவிலேயே வந்து, கட்டடம் எழுப்பினர், மூட்டை சுமந்தனர், படகு ஓட்டினர். கூலியில்லாத வேலைக்காரர் என்று அவர்களுக்கு வேடிக்கையாக ஒரு பெயரும் வழங்கியது. தொண்டர் என்றால் கழுத்தில் மருத்துவக் குழல் தொங்க வேண்டும் என்று எண்ணும் நம் இளைஞர் இதனைக் கருதிப் பார்க்கலாம்.

கிரென்பெல் கண்ட இன்னொரு செய்தி நம் தோட்டத்து வாசகர்களுக்கு மிக நெருக்கமானது. அக்கரையின் மீனவர்கள் காசைக் கண்ணால் காண்பதே அரிது. வணிகன் பருவத் தொடக்கத்தில் மாவும் உப்பும் வலையும் கடனாகக் கொடுப்பான். பருவ முடிவில் மீனை அவனே விலை குறித்து எடுத்துக்கொள்வான். கணக்கு என்றும் தீராது. தோட்டத்துக் கடையில் சிட்டைப் புத்தகம் வைத்து வாழ்ந்த தலைமுறைக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஊட்டமில்லாத உணவாலும் குளிராலும் வரும் நோயை மருந்தால் எத்தனை முறை தீர்ப்பது என்று கேட்ட அம்மருத்துவர், 1896-இல் ரெட் பே என்னும் ஊரில் ஒரு கூட்டுறவுக் கடை அமையத் துணைநின்றார். மருத்துவருக்குக் கடைக் கணக்கில் என்ன வேலை என்று வணிகர்கள் சினந்தனர். அவர் அஞ்சவில்லை. 1940-இல் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய மருத்துவப் பணி 1981-இல் அரசினர் பொறுப்பிற்கு மாறும்வரை தொடர்ந்து நடந்தது.

இனி நம் பக்கத்துக் கடல்களுக்கு வருவோம். 1960-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஹோப் என்னும் வெள்ளைக் கப்பல் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து இந்தோனேசியாவுக்குப் புறப்பட்டது. கொரியப் போரில் அமெரிக்கக் கடற்படையின் மருத்துவக் கப்பலாக இருந்த அதனை, வில்லியம் வால்ஷ் என்னும் மருத்துவர் அறப்பணிக்கெனப் பெற்று மாற்றியமைத்தார். பின்னர் அது பெருவுக்கும் ஈக்குவடாருக்கும் கினிக்கும் வேறு நாடுகளுக்கும் சென்று, 1968-இல் இலங்கைக்கு வந்து கொழும்பில் நங்கூரமிட்டது. பால்தூளையும் காய்ச்சி வடித்த கடல்நீரையும் கலந்து பால் ஆக்கும் பொறி ஒன்று அக்கப்பலில் இருந்தது. அதற்கு இரும்புப் பசு என்று பெயர்! இரும்புப் பசுவைப் பற்றிப் பேசாத செய்தித்தாள் இல்லை. ஆனால் அக்கப்பலின் உண்மையான சிறப்பு அதுவன்று. ஒரு துறைமுகத்தில் மாதக்கணக்கில் தங்கி, கப்பலின் மருத்துவர் ஒவ்வொருவரும் அந்நாட்டு மருத்துவர் ஒருவரோடு இணைந்து நின்று கற்பிக்கவேண்டும், செவிலியர் செவிலியர்க்குக் கற்பிக்கவேண்டும் என்பதே அவர்கள் வகுத்த முறை. கப்பல் போனபின்னும் கை இருக்கும். 1974-இல் அக்கப்பல் ஓய்வுபெற்றது. அதன் பெயரால் அமைந்த கழகம் கரையிலேயே பணியைத் தொடர்ந்தது.

பெருங்கப்பல் பெருந்துறைமுகத்திற்குத்தான் வரமுடியும். சிறு தீவினரின் துன்பம் அதற்கு எட்டாது. பதினேழாயிரத்திற்கும் மேற்பட்ட தீவுகளையுடைய இந்தோனேசியாவில் இவ்வுண்மை நன்கு புலப்படும். லீ தர்மவான் என்பவர் பாடாங் நகரில் பிறந்து, ஜெர்மனியில் அறுவை மருத்துவம் பயின்று, ஜகார்த்தாவில் பணிபுரிந்தவர். 2009-இல் அவரும் நண்பர்களும் மலுக்குப் பகுதியிலுள்ள கேய் தீவுகளில் தொண்டுப் பணி செய்துகொண்டிருந்தபோது, ஒரு தாய் தன் ஒன்பது வயது மகளைக் கொண்டுவந்தாள். மூன்று நாள் கடலில் வந்தவள். சிறுமிக்குக் குடல் இறங்கிச் சிக்கிக்கொண்டிருந்தது.

இந்நோயைச் சற்று விளக்கவேண்டும். வயிற்றுச் சுவரில் உள்ள மெலிந்த இடத்தின் வழியே குடலின் ஒரு பகுதி வெளியே பிதுங்கும். படுத்தால் உள்ளே போய்விடும். பலர் ஆண்டுக்கணக்கில் இதனோடு வாழ்வர். ஒருநாள் அது திரும்பிப் போகாமல் இறுகிவிட்டால், அப்பகுதிக்குக் குருதி செல்வது நின்றுவிடும். பிறகு நாளைக் கணக்கிடுவதில்லை, மணியைக் கணக்கிட வேண்டும். சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். நகரத்தில் இது மாலையில் அறுவை செய்து சில நாளில் வீடு திரும்பும் நோய். தீவில் இது மரணம். அச்சிறுமியோ மூன்று நாள் கடந்தும் பிழைத்தாள். அறுவை செய்தவர் கையே அதனை நம்பவில்லை என்று சொல்லலாம். அவள் பிழைத்தது ஒரு வியப்பு என்றால், பிழைக்காமல் எத்தனை பேர் படகிலேயே மாண்டிருப்பர் என்னும் எண்ணம் லீ தர்மவானை விடவில்லை. நோயாளி மருத்துவமனையைத் தேடிக் கடலில் வருவதற்கு மாறாக, மருத்துவமனையே கடலில் சென்றால் என்ன?

நண்பர்கள் நகைத்தார்கள். அவரோ தம் வீட்டை விற்றுப் பணம் சேர்த்தார். ஏறக்குறைய இருபத்து மூன்று மீட்டர் நீளமுள்ள மரக்கப்பல் ஒன்று வாங்கி, உள்ளே அறுவை அறையும் ஊடுகதிர்ப் பொறியும் ஆய்வுக்கூடமும் அமைத்தார். 2013-இல் அது பணியைத் தொடங்கியது. டாக்டர் ஷேர் என்னும் அவர்தம் அமைப்பின் பெயரில் இளம் மருத்துவர்கள் அதில் ஏறிக் கிழக்குத் தீவுகளுக்குச் சென்றனர். மரக்கப்பல் ஆழம் குறைந்த நீரிலும் நுழையும்; சிறு துறையிலும் கட்டலாம். 2021-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பீமா நகருக்கு அருகே அக்கப்பல் கடலில் மூழ்கிவிட்டது. எட்டாண்டு உழைப்பு நீருக்குள் போயிற்று. ஆனால் பணி மூழ்கவில்லை. அதற்குமுன்பே வேறு மருத்துவக் கலம் ஒன்றை அவ்வமைப்பு கடலில் விட்டிருந்தது. மூழ்கிய கப்பலின் பெயரையே தாங்கிய இரண்டாம் கப்பலும் பின்னர் வந்தது.

அறுவையால் ஒரே நாளில் தீரும் நோய்க்குக் கப்பல் மிகப் பெரிய வரம் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. இறங்கிய குடல், வெளிப்புறக் கட்டி, பிளந்த உதடு, புழுத்த பல், இவற்றிற்கெல்லாம் வந்த கை வேலையை முடித்துவிட்டுப் போகலாம். தையல் பிரிக்கவும் சீழ் வைத்தால் பார்க்கவும் ஒருவர் கரையில் இருந்தால் போதும். அந்த ஒருவர் கட்டாயம் வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

நாள்பட்ட நோயின் கதையோ வேறு. காசநோய்க்குப் பொதுவாக ஆறு திங்கள் மருந்து உண்ணவேண்டும். முதல் இரண்டு திங்கள் நான்கு மருந்து, அடுத்த நான்கு திங்கள் இரண்டு மருந்து. இருமல் குறைந்ததும் நிறுத்திவிட்டால், எஞ்சிய கிருமிகள் அம்மருந்துக்கு அடங்காத கிருமிகளாகப் பெருகும். அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் அந்தக் கிருமியே பரவும். ஆகவே ஒருமுறை வந்து இரண்டு வார மருந்தைக் கையில் கொடுத்துவிட்டு மறையும் படகு, காசநோயாளிக்கு நன்மை செய்ததாகாது, தீமையே செய்ததாகும். குருதி அழுத்தமும் நீரிழிவும் இத்தகையனவே. அவற்றுக்குத் தீர்வு இல்லை, காவல் உண்டு. காவற்காரன் மாதத்திற்கு ஒருநாள் வந்தால் வீட்டைக் காக்க முடியுமா?

இதனை நான் நூலில் படித்து மட்டும் எழுதவில்லை. சில ஆண்டுகளுக்குமுன் இளம் மருத்துவர் சிலர், சாலை போகாத ஓர் ஆற்று முகத்துவாரக் குடியிருப்புக்குப் படகில் செல்லப் புறப்பட்டனர். அங்கிருந்த பழைய தென்னந்தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களோடு பேச, தமிழும் மலாயும் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். மேசை எடுப்பதும் பெயர் எழுதுவதும் என் வேலை.

படகுப் பயணம் கேட்பதற்கு இனிது. நம் மேற்குக் கரை சேற்றுக் கரை. கிள்ளான் துறைமுகப் பக்கத்தில் முழுநிலா, புதுநிலா நாட்களில் ஓதத்தின் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே ஏறக்குறைய நான்கு மீட்டர் வேறுபாடு இருக்கும். நீர் வற்றினால் கண்டல் வேர்களுக்கு முன்னால் அரைக் கிலோமீட்டர் சேறு விரிந்துவிடும். படகு அங்கே நிற்கும், குடியிருப்பு இங்கே இருக்கும். இடையே முழங்கால் அளவு சேற்றில் மருந்துப் பெட்டியைத் தலையில் சுமக்கவேண்டும். தடுப்பூசி மருந்து இரண்டு பாகையிலிருந்து எட்டுப் பாகை வெப்பத்திற்குள் இருக்கவேண்டும். பனிக்கட்டி உருகுவது நம் கடிகாரத்திற்காகக் காத்திருப்பதில்லை. இவற்றோடு சுமத்ரா என்று படகுக்காரர் சொல்லும் சூறைக்காற்று வேறு உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரையுள்ள திங்கள்களில், பெரும்பாலும் விடியுமுன், மேற்கே இருந்து கருமேகச் சுவர்போல் அது வரும். அன்று படகுக்காரர் வானத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் கிளம்ப மறுத்தார். மருத்துவர்கள் பொறுமை இழந்தார்கள். பதினைந்து நிமிடத்தில் மழை கடலை மூடியது. அதன்பின் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

பலகை மேசையில் வரிசை தொடங்கியது. எடை, குருதி அழுத்தம், விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம், பிறகு மருத்துவர், பிறகு மருந்து. எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து மேசைமேல் கொட்டினார். மாத்திரை அட்டைகள். ஒன்று வெள்ளை, ஒன்று வெளிர் மஞ்சள், ஒன்று நீலப் பட்டையிட்டது. வெவ்வேறு காலத்தில் வந்த வெவ்வேறு குழுவினர் கொடுத்தவை. மருத்துவப் பெண் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்றும் ஒரே மருந்து; குருதி அழுத்தத்தைக் குறைப்பது. மூன்று நிறுவனங்கள் மூன்று பெயரில் செய்தவை.

"பாட்டி, இதுல எதைச் சாப்பிடுறீங்க?" என்று கேட்டேன்.

"மூணையுந்தான் வாத்தியாரே. மூணு டாக்டரும் நல்லவங்க. யாரு குடுத்ததை வேணாம்னு சொல்றது?"

அவர் எழும்போதெல்லாம் தலை சுற்றுகிறது என்பதையும், சென்ற வாரம் பாலத்துப் பலகையில் விழுந்ததையும் அவருடைய பேத்தி சொன்னாள். கொடுத்தவர் ஒவ்வொருவரும் சரியான மருந்தையே கொடுத்திருந்தனர். ஒவ்வொருவரும் அன்பாகவே பேசியிருப்பர். முன்னே யார் வந்தார், என்ன கொடுத்தார் என்று எழுதி வைத்த ஏடு மட்டும் அங்கே இல்லை. மூன்று நல்ல மருத்துவர்கள் சேர்ந்து ஒரு மூதாட்டியைக் கீழே தள்ளியிருக்கின்றனர். அன்று எழுதிக்கொண்டிருந்த என் கை சற்று நின்றுவிட்டது. நானும் அத்தகைய படகு ஒன்றில்தானே வந்திருந்தேன்?

இக்குறையை நீக்கிய முறையைக் காண வேண்டுமானால் அஸ்ஸாமுக்குச் செல்லவேண்டும். அது கடலன்று, ஆறு. ஆனால் பிரம்மபுத்திரா கடலை ஒத்த ஆறு. அதன் நடுவே மணல் தீவுகள் தோன்றும், கரையும், இடம் மாறும். இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் அத்தீவுகளில் வாழ்கின்றனர். கருவுற்ற பெண் ஒருத்தி உரிய காலத்தில் கரை சேர முடியாமல் இறந்த நிகழ்ச்சி, சஞ்சய் ஹசாரிகா என்னும் இதழாளரின் நெஞ்சைத் தைத்தது. அவர்தம் ஆய்வு மையம் 2005-இல் திப்ரூகர் நகரில் ஒரு மருத்துவப் படகைக் கட்டி வெளியிட்டது. அதன் பெயர் ஆகா. நமக்கு அது வியப்புச் சொல். அஸ்ஸாமியருக்கு அதன் பொருள் நம்பிக்கை. 2008-இல் அரசின் ஊர்ப்புற நலவாழ்வு இயக்கம் துணைசேர்ந்தபின் படகுகள் பெருகிப் பதினைந்து ஆயின.

அப்படகுகளின் சிறப்பு மரத்திலும் பொறியிலும் இல்லை, அட்டவணையில் இருக்கிறது. மருத்துவர், செவிலியர், மருந்தாளர், ஆய்வாளர் ஆகியோர் சில நாட்கள் படகிலேயே தங்கித் தீவு தீவாகச் செல்கின்றனர்; திரும்பி வருகின்றனர்; மறுபடியும் அதே தீவுக்குச் செல்கின்றனர். படகு வருமுன்னரே தீவிலுள்ள நலவாழ்வுப் பணிப்பெண் வீடு வீடாகச் சென்று, கருவுற்றவர் யார், தடுப்பூசி போடவேண்டிய குழந்தை எது என்று கணக்கெடுத்து வைக்கிறார். படகு போனபின் மாத்திரை உண்டாயா என்று கேட்பவரும் அவரே. கருவுற்ற பெண்ணுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பது ஒருநாள் வேலை. அவள் அதனை நாள்தோறும் உண்ணச் செய்வது நூறு நாள் வேலை. முதலாவதைப் படகு செய்கிறது, இரண்டாவதைப் பணிப்பெண் செய்கிறார். வள்ளுவர் சொன்ன நாலாமவன் அங்கே பெண்ணுருவில் இருக்கிறான் என்று கொள்ளலாம்.

மருத்துவம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நம் கிள்ளானே அதற்குச் சான்று. 1901-இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்ட சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் தொழிலாளரை வீழ்த்தியது. கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்திருந்த மால்கம் வாட்சன், நோயாளிகளுக்கு மருந்தூட்டிக்கொண்டே இருப்பதோடு அமையவில்லை. சதுப்பை வடிக்க வாய்க்கால் வெட்டச் செய்தார். புதரை அழிக்கச் செய்தார். கொசுவே மலேரியாவைக் கடத்துகிறது என்று ரொனால்டு ராஸ் செக்கந்தராபாத்தில் கண்டறிந்து நான்கே ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. அடுத்த ஆண்டுகளில் காய்ச்சல் பெரிதும் தணிந்தது. குடிநீர் உவர்ப்பாகவும் கழிவு வீட்டுக்கு அடியிலும் உள்ள ஒரு தீவுக்கு, வயிற்றுப்போக்கு மருந்தை மூட்டை மூட்டையாகக் கொண்டுசெல்லும் நண்பர்கள் வாட்சனின் வாய்க்காலையும் நினைக்க வேண்டும்.

மூதாட்டியின் செய்திக்குத் திரும்புவோம். அன்று மாலை நீர் ஏறும்வரை படகு புறப்பட முடியாது. ஆகவே பேச நேரம் இருந்தது. பேத்திக்கு வயது பன்னிரண்டு. ஆற்றைக் கடந்து பள்ளிக்குப் போகிறவள், நன்றாக எழுதுவாள். நாற்பது பக்கப் பள்ளிக் குறிப்பேடு ஒன்றை அவளிடம் கொடுத்தோம். முதற்பக்கத்தில் பாட்டியின் பெயர், நோய், மருந்தின் உண்மைப் பெயர். அடுத்த பக்கத்தில் நாளுக்கு ஒரு கட்டம். மாத்திரை உண்டதும் ஒரு கோடு. மருந்துப் பையின்மேல் எழுத்துக்குப் பதிலாகச் சூரியனையும் நிலாவையும் வரைந்தோம். காலை மாத்திரை சூரியப் பையில், இரவு மாத்திரை நிலாப் பையில். மற்ற இரண்டு அட்டைகளையும் வாங்கிவிடலாம் என்றால் பாட்டி கொடுக்க மறுத்தார். "டாக்டரம்மா குடுத்தது" என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பேத்திதான் ஏதோ காதில் சொல்லி வாங்கிக் கொடுத்தாள். மருந்தைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். அட்டையிலுள்ள பெயரையும் காலாவதி நாளையும் படித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளை ஒரு வீட்டில் இருந்தால், அந்த வீட்டில் பாதி டிரசர் இருப்பதாக எண்ணலாம். நான்காம் ஆண்டு மாணவருக்கு இதனைக் கற்பிக்க ஒரு மணி நேரம் போதும். என் பள்ளியில் பழைய மருந்து அட்டைகளை வெறுமையாக்கிக் கொண்டுவரச் செய்து கற்பித்துப் பார்த்தேன்; வாசிப்புப் பாடத்தில் தூங்கும் பையன்கூட அன்று தூங்கவில்லை.

புறப்படும்போது பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்து எப்ப வருவீங்க ஐயா?" என்று கேட்டார். இளம் மருத்துவர்கள் ஒருவரையொருவர் பார்த்தனர். வாய்ப்புக் கிடைக்கும்போது என்பதுதான் அவர்களிடம் இருந்த விடை. படகுக்காரர் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே குறுக்கிட்டார். பௌர்ணமியை ஒட்டி வந்தால் காலை ஏற்றத்தில் உள்ளே நுழைந்து மாலை ஏற்றத்தில் திரும்பலாம், சேற்றில் இறங்க வேண்டியதில்லை, மாதா மாதம் ஏறக்குறைய அதே நேரம்தான் என்றார். உண்மைதான். ஓதம் நாளுக்கு நாள் ஐம்பது நிமிடம் பிந்தினாலும், நிலாவின் வட்டம் சுற்றி வரும்போது அதே நேரத்திற்கே வந்து சேர்ந்துவிடும். மருத்துவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. ஆகவே பௌர்ணமிக்கு நெருங்கிய ஞாயிறு என்று முடிவாயிற்று. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் பேத்தி அதனை எழுதினாள். பாட்டி எழுத்தைப் பார்க்கவில்லை. அவர் வீட்டுச் சுவரில் தமிழ் நாள்காட்டி தொங்குகிறது, அதில் பௌர்ணமிக்கு வட்டம் போட்டிருக்கும்.

அதன்பின் நாங்கள் சென்றது பதினொரு முறை. இரண்டு முறை காற்றால் தவறியது. தவறிய முதல் மாதம் பாட்டி பகல் முழுவதும் துறையில் உட்கார்ந்திருந்ததாகப் பேத்தி சொன்னாள். அதிலிருந்து, வரமுடியாத நாளில் படகுக்காரர் வீட்டுத் தொலைபேசிக்கு விடியுமுன் சொல்லிவிடுவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். இப்போது அந்த மருத்துவர்களில் இருவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டனர், புதியவர்கள் வந்துள்ளனர். குறிப்பேடு மூன்றாவது நடக்கிறது.